ஏவாவுக்கு வைத்திருந்த இரண்டாம் பேர்

பெலாகியா எங்கள் ஊர்ப் பால் நிலையத்தில் இருபத்தாறு வருஷம் பால் அளந்தவள். பனியோ மழையோ, காலை ஐந்து மணிக்குக் கதவைத் திறந்துவிடுவாள். கேனின் மூடியைத் தூக்கும்போதே தண்ணீர் கலந்த பால் எது என்று அவளுக்குத் தெரிந்துவிடும். ஆனாலும் யாரையும் நாலு பேர் முன்னால் அவமானப்படுத்தியதில்லை. "உன் மாடு நேத்து ஆத்துக்குள்ளயே நின்னுச்சு போல" என்பாள். மறுநாள் பால் கெட்டியாக வரும்.

பெண்கள் அவளைத் தேடி வந்தது பாலுக்காக மட்டுமல்ல. பெண் குழந்தை பிறந்தால் முதல் பேரைப் பெற்றவர்கள் வைத்துவிடுவார்கள். அதற்கு அடுத்து நிற்க வேண்டிய இரண்டாம் பேருக்குப் பெலாகியாவிடம் வருவார்கள். அந்தப் பேரை வாழ்நாளில் இரண்டு மூன்று தடவைதான் யாராவது வாய்விட்டுச் சொல்வார்கள். ஞானஸ்நானத்தில் ஒரு தடவை, கல்யாணத்தில் ஒரு தடவை, மண்ணுக்குள் இறக்கும்போது ஒரு தடவை.

"கொஞ்ச தடவை சொல்றதுனாலதான் அது நல்லா உக்காரணும்" என்பாள் பெலாகியா. கண்ணை மூடிக்கொண்டு, சாமியார் சொல்வது மாதிரியே இரண்டு பேரையும் சேர்த்துச் சொல்லிப் பார்ப்பாள். ஒருத்தி தன் மகள் பிரானிஸ்லாவாவுக்கு வில்ஹெல்மினா என்று வைக்கப் போனபோது, "வேண்டாம்டி, சாமியார் சொல்லி முடிக்கிறதுக்குள்ள தலையில ஊத்துன தண்ணில புள்ளைக்குச் சளி புடிச்சிரும்" என்றாள். ஊரே ஒரு வாரம் சிரித்தது.

அவளுக்கும் ஒரு மகள் பிறந்தாள். ஜனவரி மாதம், நடுப்பகல். மருத்துவச்சிக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்தவள் நான். குழந்தை நீலம் பூத்து வந்தது. சாமியாரைக் கூட்டிவர நேரமில்லை. தானே ஞானஸ்நானம் கொடுக்க மருத்துவச்சி குவளையில் தண்ணீரை எடுத்துக்கொண்டு, "பேரு! சீக்கிரம் பேரச் சொல்லு!" என்று கத்தினாள்.

"ஏவா" என்றாள் பெலாகியா. அடுத்ததைச் சொல்ல மூச்சு வாங்கினாள். அதற்குள் மருத்துவச்சி மூன்று தடவையும் ஊற்றி முடித்துவிட்டாள். சாயங்கால மணி அடிக்குமுன் குழந்தை போய்விட்டது.

அந்த இரண்டாம் பேர் ரோசாலியா. அடக்கம் முடிந்து திரும்பும் வழியில் என்னிடம் மட்டும் சொன்னாள். கோவில் பதிவில் அதையும் சேர்த்து எழுத முடியுமா என்று சாமியாரிடம் போய்க் கேட்டோம். "தண்ணி ஊத்தும்போது சொன்னதைத்தான் மகளே எழுதலாம்" என்றார். நல்ல மனுஷர், கண் கலங்கித்தான் சொன்னார்.

அதற்குப் பிறகு எத்தனையோ பெண்களுக்கு இரண்டாம் பேர் சொன்னாள். ரோசாலியாவை மட்டும் ஒருத்திக்கும் சொல்லவில்லை. தானாக அந்தப் பேரோடு யாராவது வந்தால்கூட, "அது வேண்டாம், வேற பாப்போம்" என்று நகர்த்திவிடுவாள். ஏன் என்று எனக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. அவள் புருஷனும் அதற்குள் இறந்து போயிருந்தான்.

ஒரு ஆகஸ்ட் காலையில் டிராக்டர்காரன் தடேயுஷின் மனைவி யோலான்டா கேனோடு வந்தாள். ஏழு மாத வயிறு.

"பெலாகியாக்கா, பொண்ணாப் பொறந்தா ஏவான்னு வைக்கப் போறோம். ரெண்டாவது பேரு நீதான் சொல்லணும்."

பெலாகியா கேனின் மூடியைத் தூக்கிப் பாலையே பார்த்தாள். பின்னால் நின்ற ஒருத்தி, "சீக்கிரம் சொல்லு மதினி! வயித்துப்புள்ளக்காரி கேட்டு இல்லன்னு சொன்னா எலி வந்து உன் பாவாடைய அரிச்சிரும்" என்றாள்.

"இவ பாவாடையில அரிக்க என்ன மிச்சம் இருக்கு?" என்றாள் இன்னொருத்தி. எல்லோரும் சிரித்தார்கள்.

"ஆக்னேஷ்கா" என்றாள் பெலாகியா.

யோலான்டா சொல்லிப் பார்த்தாள். "ஏவா ஆக்னேஷ்கா... கொஞ்சம் தட்டுதேக்கா?"

"பழகுனா சரியாயிரும்."

வரிசையில் நின்ற நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை.

அக்டோபரில் பெண்ணேதான் பிறந்தாள். ஞானஸ்நானத்துக்கு மூன்று நாள் முன்னால், நான் கோவில் பீடத்துணிகளைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது பெலாகியா வந்து பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"செசிலியா, நான் பொய் சொல்லிட்டேன்."

"பேருல என்ன பொய்? ஆக்னேஷ்காவும் புனிதைதான்."

"அந்தப் புள்ளைக்கு எது பொருந்தும்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சே ஒளிச்சேன்."

"அது உன் மகளுக்கு வச்சது. ஆண்டவர் வந்து கேக்கவா போறாரு?"

"குடுத்துட்டா என் புள்ளைக்குன்னு என்ன இருக்கு? அதையும் நீயே சொல்லு" என்றாள்.

துணியை மடித்து வைத்தேன். அவளும் எழுந்து போய்விட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை கோவில் வாசலில் குழந்தையோடு நின்றார்கள். வெள்ளை உடுப்போடு ஞானத்தாய் கையில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. பெலாகியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து யோலான்டாவின் கையைப் பிடித்தாள்.

"ஆக்னேஷ்கா வேண்டாம்மா. ரோசாலியான்னு வையி."

"கடைசி நேரத்துல என்னக்கா இது? எழுதிக் குடுத்தாச்சு" என்றான் தடேயுஷ்.

யோலான்டா உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தாள். முகம் மலர்ந்துவிட்டது. "இத அன்னைக்கே சொல்லியிருக்கலாம்ல!"

"அன்னைக்கு மனசு வரல" என்றாள் பெலாகியா. யோலான்டாவுக்கு அது விளங்கவில்லை. சிரித்துக்கொண்டே அவள் கன்னத்தில் முத்தம் கொடுத்துவிட்டு உள்ளே ஓடினாள். சாமியார் பேனாவை வாங்கி அடித்துத் திருத்தினார்.

"ஏவா ரோசாலியா..." என்று அவர் தண்ணீர் ஊற்றியபோது, கடைசி வரிசை வரைக்கும் தெளிவாகக் கேட்டது. அவ்வளவு அழகாகப் பொருந்தியது. பெலாகியா கதவோரம் நின்று கேட்டாள். அழவில்லை.

விருந்துக்கு அவள் போகவில்லை. கல்லறைத் தோட்டத்துப் பக்கம் நடந்தாள். தனியாக விட மனமில்லாமல் நானும் பின்னால் போனேன். சின்ன இரும்புச் சிலுவை, அதில் ஏவா என்று மட்டும் எழுதிய ஒரு தகடு. தகட்டின் மேல் ஒட்டியிருந்த ஈர இலைகளைக் கையால் துடைத்தாள்.

"பேரு பங்கு வச்சா குறையாது பெலாகியா" என்றேன்.

"குறையாதுதான். எனக்குக் குறையுது."

பிறகு தகட்டைப் பார்த்துக் குனிந்து, "உனக்கு ஒண்ணே ஒண்ணுதான்டி கண்ணு. அம்மாவ மன்னிச்சிரு" என்றாள்.

நான் செபமாலையை எடுத்தேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இப்ப வேண்டாம் செசிலியா. அவ பேரச் சொல்லிக்கிட்டுக் கொஞ்ச நேரம் உக்காந்திருப்போம்."

ஈரத் தரையிலேயே உட்கார்ந்தோம். "ஏவா" என்றாள். சற்றுப் பொறுத்து நானும் சொன்னேன்.