மழைக்கு முன் முப்பத்திரண்டு வீடுகள்

1983ஆம் வருஷம் ஆடி மாதத்தில் திருவண்ணாமலை வட்டாரத்திலேயே மழை வேண்டாம் என்று நினைத்த மனிதர் அநேகமாக ஒருவர்தான் இருந்திருப்பார். அவர் பெயர் கோதண்டராமன். திருவூடல் தெருவை ஒட்டிய ஒரு சந்தில் விதைக் கடை வைத்திருந்தார். முந்தின வருஷம் ஐப்பசி, கார்த்திகை மழை ஏமாற்றிவிட்டது. கிணறுகளில் அடிப்பாறை தெரிந்தது. விடிந்ததும் ஜனங்கள் வாசலுக்கு வந்து மலையைத்தான் பார்த்தார்கள், உச்சியில் மேகம் இறங்கியிருக்கிறதா என்று. கோதண்டராமனும் பார்த்தார். மேகம் இல்லாத நாளில்தான் அவருக்கு மூச்சு சீராக வந்தது.

அவருக்கு அப்போது நாற்பத்து மூன்று வயது. கீழ்பென்னாத்தூர் பக்கத்து விவசாயக் குடும்பம். அப்பா காலத்திலேயே நிலம் கை மாறிவிட்டது. பதினெட்டு வயதில் மண்டிக்கு மூட்டை தூக்க வந்தவர், மணிலா என்கிற நிலக்கடலைக் காயைக் காதருகே குலுக்கிப் பார்த்தே தரம் சொல்லும் அளவுக்குத் தேறினார். 1972இல் அவரும் மனைவி மணியம்மாளும் சேர்ந்து கடையைத் தொடங்கினார்கள். நான்கு வருஷம் கழித்துத் தம்பி பலராமனும் வந்து சேர்ந்துகொண்டான். எள், கேழ்வரகு, துவரை என்று எல்லா விதையும் இருந்தாலும் ஆடிப் பட்டத்து மணிலாதான் கடையின் உயிர். அந்தப் பக்கத்து ஜனங்கள் அதை மல்லாட்டை என்பார்கள்.

புது மூட்டை எது வந்தாலும் மணியம்மாள் அதிலிருந்து நூறு பருப்பை எண்ணி எடுத்து, ஈரச் சாக்கில் சுருட்டி, சமையலறை மூலையில் வைத்துவிடுவாள். ஐந்தாம் நாள் பிரித்துப் பார்க்கும்போது எண்பத்தைந்துக்குக் குறையாமல் முளை விட்டிருக்க வேண்டும். குறைந்தால் அந்தக் காய் எண்ணெய் ஆட்டத்தான் போகும். அவள் தலையாட்டாமல் ஒரு மூட்டையும் விதைக்கென்று கடையை விட்டு வெளியேறியதில்லை.

கோதண்டராமனுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது. ஆவணி பிறந்ததும், வேலை இருக்கிறதோ இல்லையோ, கீழ்பென்னாத்தூர் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் பிடித்து உட்கார்ந்துகொள்வார். இரண்டு பக்கமும் மணிலாக் கொல்லைகள் பச்சைக் கம்பளமாகக் கிடக்கும். பக்கத்தில் இருப்பவர் யாரானாலும் சரி, “அந்த மூணு ஏக்கரா இருக்குதே, அது நம்ம காய்” என்பார். நிலம் யாருடையதோ. ஆனாலும் அந்தக் குரலைக் கேட்டால் அவருடையதுதான் என்று தோன்றும்.

அந்த வருஷம் விதைக்காய்க்குப் பெரிய தட்டுப்பாடு. உள்ளூரில் விளைச்சலே இல்லை. வெளி மாவட்ட வியாபாரி ஒருவரிடமிருந்து எழுபது மூட்டை வந்து இறங்கியது. அந்தச் சமயம் மணியம்மாள் மகளின் பிரசவத்துக்காகப் போளூர் போயிருந்தாள். கடை வாசலில் பொழுது விடியுமுன்பே விவசாயிகள் வந்து நின்றார்கள். காயைக் குலுக்கினால் சத்தம் சரியாக இருந்தது. உடைத்துப் பார்த்தால் பருப்பு ரோஜா நிறத்தில் பளபளத்தது. நூறு பருப்பை ஈரச் சாக்கில் போட்டு ஐந்து நாள் காத்திருக்க அவருக்கு மனம் வரவில்லை. இரண்டே நாளில் எழுபது மூட்டையும் முப்பத்திரண்டு பேர் வீட்டுக்குப் போய்விட்டது.

மணியம்மாள் திரும்பி வந்தாள். பேத்தி பிறந்த கதையைச் சொல்லி முடிக்குமுன் கேட்டாள்.

“ஆமா, மொள போட்டுப் பாத்தீங்களா?”

அவர் தராசைத் துடைக்க ஆரம்பித்தார். அவளுக்குப் புரிந்துவிட்டது. தரையில் சிந்திக் கிடந்த காய்களைப் பொறுக்கி, உடைத்து, நூறு எண்ணி நனைத்து வைத்தாள். அந்த ஐந்து நாளும் வானம் வெளுத்துக் கிடந்தது. ஐந்தாம் நாள் காலையில் சாக்கைப் பிரித்தபோது இருவரும் அருகருகே குந்தி எண்ணினார்கள். முளைத்தது முப்பத்தெட்டு. மிச்சம் அறுபத்திரண்டும் நனைந்து ஊதி, தொட்டால் நழுவின. பழைய வருஷத்துக் காயை யாரோ புதுக் காயோடு கலந்திருந்தார்கள்.

பலராமனைக் கூப்பிட்டுக் காட்டினார்கள். அவன் பார்த்துவிட்டு, “சரி, சாக்க மூடுங்க” என்றான்.

“மூடிட்டு?”

“மூடிட்டு வேலயப் பாக்க வேண்டியதுதான். மொளைக்கலன்னா எறும்புன்னு சொல்லுவான், மண்ணுன்னு சொல்லுவான், மழ பத்தலன்னு சொல்லுவான். இந்த வருஷம் நம்மள யாருண்ணா சொல்லப் போறான்?”

“நமக்குத் தெரியுமில்லடா.”

“தெரிஞ்சா? ஊரக் கூட்டி நாமளே சொன்னா அடுத்த வருஷம் ஒருத்தன் கட ஏறுவானா?”

கோதண்டராமன் மூட்டைகளைத் திரும்ப வாங்கிக்கொண்டு நல்ல காய் கொடுக்கப்போவதாகச் சொன்னார். நல்ல காய் வாங்க ஒரே ஒரு சேமிப்புதான் கையில் இருந்தது. பூச்சிமருந்து ஏஜென்சி எடுக்க டெபாசிட் கட்டுவதற்காக அண்ணனும் தம்பியும் மூன்று வருஷமாகச் சேர்த்தது. அந்த ஏஜென்சி பலராமனின் கனவு.

“அதுல கை வெக்காத அண்ணா” என்றான் அவன். “உனக்கு என்னா வந்துச்சு? நீ சாமியாரா, கடக்காரனா?”

“ஆவணியில பஸ்ல போறப்ப நான் எந்தப் பக்கம் பாத்துடா ஒக்காருவேன்?”

“இதுக்கா? இதுக்கா ஏஜென்சிய வுடுற?”

கோதண்டராமன் பெட்டியைத் திறந்து அந்தப் பணத்தை எடுத்தார். தம்பி சொன்னதில் தப்பு இருப்பதாக அவருக்குத் தோன்றவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

நல்ல காய் எங்கே கிடைக்கும் என்பது அடுத்த கவலை. கீழ்பென்னாத்தூருக்கு அப்பால் சடையன் என்ற விவசாயி, வற்றாத கிணறு வைத்திருந்தவர், சித்திரையில் எடுத்த காயை விலை ஏறட்டும் என்று பூட்டி வைத்திருந்தார். கோதண்டராமன் முதல் பஸ்ஸில் போய் இறங்கினார். ஐந்து நாள் முளை போட்டுப் பார்க்க இனி நேரமில்லை. மறுபடியும் தெரியாத காயையே கொண்டுபோய்க் கொடுக்கிறோமா என்ற பயத்தைச் சடையனிடமே சொன்னார். சடையன் அவரைக் கிணற்றடிக்கு அழைத்துப் போனார். அங்கே அரை ஏக்கரில் அதே காயைப் பத்து நாள் முன்பு கிணற்றுத் தண்ணீர் பாய்ச்சி விதைத்திருந்தார். வரிசை வரிசையாக, இடைவெளியே இல்லாமல், கட்டைவிரல் உயரத்துக்கு இலை விரித்து நின்றது. கோதண்டராமன் வரப்பில் உட்கார்ந்து ஓர் உழவுச் சால் முழுவதும் எண்ணினார். பிறகுதான் விலை பேசினார். சடையன் சொன்ன விலை அநியாயம். தலையாட்டினார்.

காய் கடைக்கு வந்து சேர்ந்ததும், அன்று மத்தியானமே இரண்டு மாட்டு வண்டிகள் கிளம்பின. யார் யார் எத்தனை மூட்டை வாங்கினார்கள் என்று அவருக்கும் மணியம்மாளுக்கும் மனப்பாடம். வண்டிகளுக்கு முன்னால் சைக்கிளில் அவர் போனார். ஹாண்டில்பாரில் ஒரு பையும், பைக்குள் அந்த ஈரச் சாக்கும் தொங்கின.

முதல் வீட்டிலேயே அடி விழுந்தது. வீட்டுக்காரர் சுற்றி வளைக்கவில்லை, நேராகவே கேட்டார்.

“வெல ஏறிப் போச்சா? எங்கிட்டக் குடுத்ததப் புடுங்கி ஜாஸ்திக்கு விக்கப் பாக்குறியா?”

இப்படிக் கேட்பார்கள் என்று கோதண்டராமன் யோசித்திருக்கவே இல்லை. முகம் சிவந்துவிட்டது. சாக்கை எடுத்துப் பிரித்து, ஊதிப்போன பருப்புகளைத் தரையில் கொட்டினார். “இது நான் குடுத்த காய். எங்க வூட்டுக்காரி போட்டுப் பாத்தா. வண்டியில இருக்கிறது சடையன் கொல்லக் காய், பஸ் ஏறிப் போயி நீயே பாத்துக்க. மூட்டைக்கு மூட்ட. ஒரு பைசா வேணாம்.” வீட்டுக்காரரின் மனைவிதான் முதலில் குனிந்து பருப்பை நசுக்கிப் பார்த்தாள். “மாத்திக்கய்யா” என்றாள்.

ஒவ்வொரு வீட்டிலும் இதே கேள்வி, இதே பதில். சில வீடுகளில் காயை உடைத்துப் பருப்பாக்கி விதைக்குத் தயாராக வைத்திருந்தார்கள். அதையும் பருப்பாகவே அளந்து வாங்கிக்கொண்டார். இரண்டு பேர் கடைசிவரை நம்பவில்லை. கதவைச் சாத்திக்கொண்டார்கள். முதல் நாள் ஒன்பது வீடு. இரண்டாம் நாள் பதினைந்து. இரண்டாம் நாள் சாயங்காலம் வடமேற்கே மின்னியது. வண்டிக்காரர்கள் சந்தோஷமாகக் கையைத் தூக்கிக் கும்பிட்டார்கள். கோதண்டராமன் சைக்கிளை ஓரமாக நிறுத்திவிட்டு ஒரு புளியமரத்தைப் பிடித்துக்கொண்டு நின்றார். இன்னும் எட்டு வீடு இருந்தது. மழை விழுந்துவிட்டால் அடுத்த விடியலில் ஏர் பூட்டிவிடுவார்கள். மண்ணுக்குள் போன விதையை எந்த வண்டி ஏற்றிவரும்?

டவுனில் மழை பெய்யவில்லை. மூன்றாம் நாள் ஆறு வீடு முடித்து, மலையைச் சுற்றிக்கொண்டு அடி அண்ணாமலைக்குள் நுழைந்தபோது, காற்றில் மண்வாசனை வந்தது. சக்கரத் தடம் ஈரத்தில் பதிந்தது. முந்தின சாயங்காலம் அந்தப் பக்கத்தில் மட்டும் ஓர் உழவு மழை கொட்டித் தீர்த்திருந்தது. அவர் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடினார்.

வெள்ளையம்மாளின் கொல்லையில் ஏர் நடந்துகொண்டிருந்தது. கணவன் இறந்த பிறகு இரண்டு ஏக்கரைத் தனியாகப் பார்த்துக்கொள்ளும் பெண் அவள். ஐம்பது வயது இருக்கும். நான்கு பெண்கள் ஏருக்குப் பின்னால் சாலில் பருப்பைப் போட்டுக்கொண்டே நடந்தார்கள். முக்கால்வாசி நிலம் முடிந்திருந்தது.

“ஏர நிறுத்துங்க! யக்கா, நிறுத்தச் சொல்லு!”

“என்னா தம்பி, யாருக்கு என்னா ஆச்சு?”

மூச்சு வாங்கச் சொல்லி முடித்தார். வெள்ளையம்மாள் மடியில் மிச்சமிருந்த பருப்பைப் பார்த்தாள். வரப்பில் உட்கார்ந்தாள். பிறகு வாயில் வந்தபடி திட்டினாள். தன் கணவன் இருந்தால் இப்படி ஏமாந்திருப்பேனா என்று அழுதாள். கோதண்டராமன் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஏர் மாடுகள் நின்ற இடத்திலேயே அசைபோட்டன.

அழுகை நின்றதும் அவள் கேட்டாள். “நீ வந்து சொல்லலன்னா நான் எறும்பு தின்னுடுச்சுன்னுதான் நெனச்சிருப்பேன், இல்ல?”

“ஆமாங்க்கா.”

“அப்புறம் எதுக்கு வந்த?”

“தெரியலக்கா. மூணு நாளா சோறு எறங்கல.”

அவள் எழுந்து சேலையை இழுத்துச் செருகினாள். “உன் காயக் கொண்டாரச் சொல்லு. ஈரம் காயறதுக்குள்ள சாலுக்கு நடுவுல ஊனிடலாம். களக்கொத்து எங்க வூட்ல ஆறு கெடக்குது.”

ஊரில் கிடைத்த பெண்களெல்லாம் காய் உடைக்க உட்கார்ந்தார்கள். வெள்ளையம்மாளும் மற்றவர்களும் கொத்தினார்கள். கோதண்டராமனும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, மண்டியிட்டு, ஒவ்வொரு குழியிலும் பருப்பைப் போட்டு மூடிக்கொண்டே போனார். பொழுது சாயும்போது அந்த நிலம் முடிந்தது.

கடைசி வீடு தசரதனுடையது. அவர் காலையிலேயே விதைத்து முடித்துவிட்டார். விஷயத்தைக் கேட்டதும் ஒன்றும் பேசவில்லை. இரண்டு மூட்டை நல்ல காயை வாசலில் இறக்கியபோதும் பேசவில்லை. ஊன ஆள் கூட்டி வருகிறேன் என்றபோது மட்டும், “என் கொல்லையில நீ கால் வெக்கக் கூடாது” என்றார்.

அந்த வருஷம் மழை சுமாராகப் பெய்தது. மாற்றிக் கொடுத்த இருபத்தெட்டு வீட்டுக் காயும் நன்றாக முளைத்தது. வெள்ளையம்மாள் நிலம் கொஞ்சம் முன்பின்னாக வளர்ந்தாலும் மோசமில்லை. நம்பாத இரண்டு பேர் நிலத்திலும் பாதிக்கு மேல் சொட்டை. தசரதன் தாமதமாக ஊனியது ஈரமில்லாமல் கருகிப்போனது. மறுவருஷம் கடைக்கு வந்தவர்கள் பாதிப் பேர்தான். பலராமன் சொன்னது அந்த அளவுக்குப் பலித்தது. வந்தவர்களும் சாக்கைப் பிரிக்கும் நாளில் வந்து மணியம்மாளோடு குந்தி எண்ணினார்கள். தசரதன் எதிர்ச்சாரிக் கடையில் வாங்க ஆரம்பித்தார். அவர் அந்த வழியே போகும்போதெல்லாம் கோதண்டராமன் எழுந்து நின்று வணக்கம் சொல்வார். தசரதன் திரும்பிப் பார்க்காமல் போய்விடுவார்.

பலராமன் அடுத்த தையில் பிரிந்துகொண்டான். சண்டையில்லை. மாமனார் உதவியோடு வேங்கிக்கால் பக்கம் பூச்சிமருந்து, உரக் கடை போட்டான். நன்றாகவே நடந்தது. 1988இல் மாடி எடுத்தான்.

கோதண்டராமனுக்கோ அந்தப் பயம் பிறகு போகவே இல்லை. ஆடியில் காய் வெளியே போன நாள் முதல், முளைத்துவிட்டது என்று யாராவது வந்து சொல்லும்வரை, இராத்திரியும் பகலும் ஒன்றாகத்தான் போகும். உடம்பு இளைத்துவிடும். ஆவணி பிறந்து மாடி வீட்டுக்குப் பால் காய்ச்சின அன்று பலராமன் அண்ணனைத் தனியாக உட்கார வைத்துப் பேசினான்.

“ஏன்ணா இந்தப் பாடு? அந்தக் கடய மூடிட்டு எங்கூட வந்துடு. சரிபாதி. பூச்சி மருந்து மொளைக்குதா இல்லியான்னு யாரும் வந்து கேக்க மாட்டான்.”

கோதண்டராமன் சிரித்தார்.

“அதான்டா சங்கடம். மொளைக்காதத வித்துட்டு நான் என்னாத்த எதிர்பாத்துக்கிட்டு இருக்கிறது?”

பலராமனும் சிரித்தான். மணியம்மாள் உள்ளேயிருந்து சாப்பிடக் கூப்பிட்டாள். இருவரும் எழுந்துபோய் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார்கள். அந்த வருஷம் மழை தள்ளிப்போனதால் முந்தின நாள்தான் கடையிலிருந்து முப்பது மூட்டைக் காய் போயிருந்தது. கோதண்டராமன் பாதிச் சோற்றோடு கையை உதறிக்கொண்டு எழுந்துவிட்டார்.