கயிற்றின் மறுமுனை

இது நடந்தது. பெரிய மனிதர்களைப் பற்றி எழுதும்போது எனக்குப் பொய் தேவைப்படும். இதற்குத் தேவைப்படவில்லை.

1964. கிண்ணியாப் பக்கம் எங்கள் ஊர் முழுவதும் சேர்ந்து பற்றைக்காடு வெட்டி, கடகத்தில் மண் சுமந்து, பந்து மைதானம் உண்டாக்கியது. கழகத் தலைவர் அப்துல் மஜீத் ஹாஜியார் ஒரு கடகமும் சுமக்கவில்லை. அவருடைய பெயரை மட்டும் திறப்பு விழாக் கல் சுமந்தது. நான் செயலாளர்.

விழாவுக்கு முதல் நாள்தான் அளந்து பார்த்தோம். கடற்கரைப் பக்கம் நீளம் இரண்டு பாகம், ஏறக்குறையப் பன்னிரண்டு அடி, குறைந்தது. அளவு சரியில்லாவிட்டால், விழாவில் ஆட வரும் திருகோணமலை நகரத்து அணி இறங்காது. நீட்டலாம் என்றால், அந்த மூலையில் ஒரு கபுறு. எப்போதோ பிணமாகக் கரையொதுங்கிய, ஊர் பேர் தெரியாத ஒருவரை அடக்கிய இடம். தலைமாட்டில் அடையாளத்துக்கு நட்ட மீஸான் கட்டை மட்டும் நின்றது.

ஹாஜியார் தொண்டையைச் செருமினார்.

"மீஸான் எங்க நிக்குதோ அங்கதான் கபுறு. கட்டையை அங்கால நட்டாச் சரி."

"உள்ள கிடக்கிறவருக்கு ஆர் அறிவிக்கிறது, ஹாஜியார்? நோட்டீஸ் அடிப்பமா?" என்றேன்.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரிக்க வைத்த பெருமையில், நானே கட்டையைப் பிடுங்கி, கோடு வரவேண்டிய இடத்துக்கு வெளியே நட்டேன்.

மாலையில் சுண்ணாம்புக் கோடு போட்டோம். கயிற்றின் ஒரு முனையை முளையில் கட்டினேன். மறுமுனை, கபுறு இருந்த மூலையில், கழகத்துப் பையன் பக்கீரின் கையில். மஃரிப் பாங்கு கேட்டதும் அவன் கயிற்றைப் போட்டுவிட்டுத் தொழப் பள்ளிக்கு ஓடினான்.

இருட்டிக்கொண்டு வந்தது. திடீரெனக் கயிறு விறைத்தது. பக்கீர் திரும்பிவிட்டான் என்று நினைத்தேன்.

"இறுக்கிப் புடி! நான் சொல்லுமட்டும் விடாத!"

முளை மட்டும்... கிறீச்... என்றது.

குனிந்தபடி சுண்ணாம்பைக் கொட்டிக்கொண்டு நடந்தேன். பாதித் தூரத்தில் கயிறு கையில் பட்டது.

ஈரம்.

மழை பெய்து இரண்டு மாதமாயிருந்தது.

இன்னும் நடந்தேன். முழங்கால் உயரத்தில் நின்ற கயிறு தாழ்ந்தது. கணுக்காலுக்கு... பிறகு மணலுக்கு...

மணலுக்குள் போனது.

அங்கே யாரும் இல்லை.

இழுத்தேன்.

உள்ளேயிருந்து... இழுத்தது.

"ஆரோட கதைச்சீங்க, காக்கா?" முதுகுக்குப் பின்னால் பக்கீர். "நான் இப்பதானே தொழுதுட்டு வாறன்!"

இடுப்பிலிருந்த கத்தியால் கயிற்றை அறுத்தேன். ஓடினோம்.

மறுநாள் விழா நடந்தது. ஹாஜியார் தன் வியர்வையைப் பற்றி நீளமாகப் பேசினார். கூட்டத்தில் நின்ற ஸெய்னுதீன் காக்காவைத் தனியே கூப்பிட்டேன். கரையொதுங்கிய அந்த மய்யித்தை அடக்குவதற்கு முன் குளிப்பாட்டியவர் அவர்.

"தோணி கவிழ்ந்திருக்கணும். வலது கைக்குள்ள கயிறு, தம்பி. எவ்வளவோ பாத்தம், விரலை விரிக்க ஏலாமப் போச்சு. மிச்சத்தை அறுத்துட்டு, கைக்குள்ள இருந்த துண்டோடயே அடக்கினம்."

எனக்கு என் குரல்தான் கேட்டது. நான் சொல்லுமட்டும் விடாத.

கூட்டம் கலைந்ததும் மீஸானைப் பிடுங்கிப் பழைய இடத்தில் நட்டேன். பக்கத்தில், அறுபட்ட கயிற்றின் நுனி மணலுக்கு மேலே ஒரு சாண் நீட்டிக்கொண்டிருந்தது. மண்டியிட்டேன்.

"விட்டுடுங்க... நான் பக்கீருக்குச் சொன்னது. இப்ப நானே சொல்றன். விட்டுடுங்க."

மெல்ல இழுத்துப் பார்த்தேன்.

விடவில்லை.