அத்தானின் சைக்கிளுக்குப் பரிவலு எவ்வளவு

நெஞ்சு நோவென்று ஒரு கிழமை ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வந்த அத்தானுக்கு டொக்டர் போட்ட ஒரே கட்டளை, இனிச் சைக்கிள் மிதிக்கக் கூடாது என்பதுதான். அத்தான் என் அக்காவின் கணவர். தோட்டங்களுக்குத் தண்ணீர் இறைக்கும் மோட்டார்கள் எரிந்துபோனால் அவற்றுக்குப் புதுக் கம்பி சுற்றிக் கொடுக்கிற சின்னக் கடை ஒன்றை இணுவிலில் வைத்திருந்தார். வீடு கொக்குவிலில். காலையில் காற்று முதுகைத் தள்ளும். சும்மா இருந்தாலே சைக்கிள் கடைக்குப் போய்விடும். பின்னேரம் திரும்பி வரும்போதுதான் சோளகக் காற்று முகத்தில் அடிக்கும். அந்தக் காற்றுக்கு எதிராக மிதித்தவர்களுக்குத்தான் தெரியும், அது ஏற்றம் ஏறுவதைவிட மோசமென்று. ஏற்றத்துக்காவது ஒரு முடிவு உண்டு.

"மிதிக்கக் கூடாதெண்டுதானே சொன்னவர். ஓடக் கூடாதெண்டு சொல்லேல்லையே" என்றார் அத்தான்.

எண்பத்து மூன்று கழிந்து அடுத்த வருஷம் அது. பழைய இரும்புக் கடையொன்றில் இருபத்துநாலு உவோற்று மோட்டார் ஒன்றைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தார். எந்த இயந்திரத்திலிருந்து கழற்றியதென்று விற்றவனுக்கும் தெரியாது. மேலே ஒட்டியிருந்த தகடு தேய்ந்து ஒரு எழுத்தும் வாசிக்க முடியாமல் இருந்தது. அதை உள்ளே பிரித்துச் சுற்றி, பின் சில்லுக்குப் பக்கத்தில் பூட்டி, ஒரு சங்கிலியும் போட்டார். கரியரில் கார்ப் பற்றரி இரண்டு. இரவு வீட்டில் சார்ஜ் பண்ணுவார். மறுநாள் போய்வரப் போதுமாக இருந்தது. சத்தமே இல்லை. தையல் மெஷின் ஓடுகிற மாதிரி மெல்லிய ஒரு முனகல், அவ்வளவுதான்.

மூன்றாம் கிழமை பொலிஸ் மறித்தது. கொன்ஸ்தாபிள் சைக்கிளை இரண்டு தரம் சுற்றிப் பார்த்தாராம்.

"உதுக்கு நம்பர் எங்கை?"

"இது சைக்கிள்தானே. கிராம சபைத் தகடு இருக்கு."

"மோட்டார் பூட்டிக் கிடக்கு. எத்தினை சி.சி.?"

"சி.சி. இல்லை. பெற்றோல் இல்லை. பற்றரியிலை ஓடுது."

"சி.சி. இல்லாத மோட்டார் இருக்கோ?"

ஸ்ரேசனில் கொன்ஸ்தாபிளின் தலைக்கு மேல் சுற்றுகிற விசிறிக்கு எத்தனை சி.சி. என்று கேட்க அத்தானுக்கு வாய்வரை வந்ததாம். கேட்கவில்லை. கொன்ஸ்தாபிள் கெட்ட மனிதர் இல்லை. வழக்குப் போட அவருக்கு விருப்பமும் இல்லை, என்ன வழக்கென்று விளங்கவும் இல்லை. வாகனங்களைப் பதிகிற இடத்தில் ஒரு கடிதம் வாங்கி வைத்துக்கொள்ளும்படி சொல்லி விட்டுவிட்டார்.

பட்டணத்து அலுவலகத்தில் அதற்குப் பொறுப்பான உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். ஓய்வுபெற இரண்டு மூன்று வருஷம் இருக்கும். அத்தானை இருக்கச் சொல்லி, தடித்த புத்தகமொன்றை எடுத்து அரை மணித்தியாலம் புரட்டினாராம். பிறகு சொன்னது இதுதான்: மோட்டாரின் வலு ஒரு எல்லைக்குக் கீழே இருந்தால் சைக்கிள் என்று விடலாம்; மேலே போனால் அது மோட்டார் சைக்கிள், இலக்கம் வேண்டும், லைசென்ஸ் வேண்டும். பெற்றோல் எஞ்சின் என்றால் சி.சி.யை வைத்து உடனே சொல்லிவிடுவார். மின்சாரத்துக்கு எல்லை என்னவென்று மேலிடத்துக்குத்தான் எழுதிக் கேட்க வேண்டும். அப்படி எழுதுவதற்கு முதலில் இந்த மோட்டாரின் வலு எவ்வளவு என்று ஒரு பட்டதாரி எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம் வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பட்டதாரி நான் ஒருத்திதான். கொக்குவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் பௌதிகம் படிப்பித்துக்கொண்டிருந்தேன். "உனக்கு அஞ்சு நிமிச வேலை பிள்ளை" என்று அத்தான் வந்து நின்றார். நானும் அப்படித்தான் நினைத்தேன். உவோற்றை அம்பியரால் பெருக்கினால் உவாற்று. அதை எழுநூற்று நாற்பத்தாறால் பிரித்தால் பரிவலு, அதாவது எத்தனை குதிரையின் பலம் என்ற கணக்கு. ஒவ்வொரு வருஷமும் கரும்பலகையில் எழுதுகிற கணக்குத்தான்.

ஒரு சனிக்கிழமை பின்னேரம் தண்டவாளத்துக்குப் பக்கத்து ஒழுங்கையில் வைத்து அளந்தோம். கடையிலிருந்த பெரிய அம்பியர்மானியைச் சைக்கிள் கைபிடியில் கட்டினார் அத்தான். நான் என் சைக்கிளில் பக்கத்தில் ஓடிக்கொண்டு முள்ளைப் பார்த்து, நின்றதும் சாமான் சுற்றி வந்த கடதாசியில் எழுதினேன். காற்று முதுகில் பட ஓடினபோது எட்டு அம்பியர். திரும்பிக் காற்றுக்கு எதிரே வந்தபோது பதினைந்து. ஒரே மோட்டார், ஒரே மனிதர், ஒரே ஒழுங்கை. ஒரு பக்கம் போனால் கால் குதிரை, மறுபக்கம் வந்தால் அரைக் குதிரை.

"எதை எழுதுறது அத்தான்?"

"நீதானே பட்டதாரி."

கூடியபட்சம் என்னவென்று பார்ப்போம் என்று எனக்குத் தோன்றியது. பாழாய்ப்போன யோசனை அது. அத்தானைப் பிரேக்கை இறுக்கிப் பிடிக்கச் சொல்லி மோட்டார் சுவிச்சைப் போட வைத்தேன். முள் பாய்ந்து ஐம்பதில் போய் நின்றது. கணக்குப் பார்த்தால் ஒன்றரைக் குதிரைக்கும் மேலே. ஆனால் சில்லு ஒரு அங்குலமும் அசையவில்லை. மோட்டார் சூடானதுதான் மிச்சம்.

அந்த நேரம் குருநகரிலிருந்து எங்கள் பக்கம் மீன் கொண்டுவருகிறவர் விற்று முடித்துத் திரும்பிக்கொண்டிருந்தார். அவரிடம் ஒரு சின்னப் பெற்றோல் வண்டி இருந்தது. மிதிகட்டையும் உண்டு, எஞ்சினும் உண்டு. பதிந்து இலக்கத் தகடும் போட்டிருந்தார். நாங்கள் செய்வதைப் பார்த்துவிட்டு நிறுத்தினார்.

"என்ன அண்ணை, சோதனையோ?"

அத்தான் விஷயத்தைச் சொன்னார். மீன்காரர் சிரித்தார். "என்ரைக்கு எஞ்சினிலையே வெட்டிக் கிடக்கு, நாப்பத்தொன்பது சி.சி. எண்டு. அதை வாசிச்சு எழுதினாங்கள். ஆரும் அளக்கேல்லை. வாங்கோ, ஓடிப் பாப்பம்."

காற்றுக்கு எதிராக இரண்டு பேரும் ஓடினார்கள். ரயில் கடவை வருமுன்பே மீன்காரர் முந்திப் போய் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார், வெறும் மீன்பெட்டியோடு. அத்தான் ஆறுதலாக வந்து சேர்ந்தார். அவரது முகத்தில் வேர்வை இல்லை. அதுதான் அவருக்குப் பெரிய சந்தோஷம். எனக்கோ தலை சுற்றியது. என் கடதாசியில் இருந்த பெரிய இலக்கத்தைப் பார்த்தால் அத்தானின் சைக்கிள் பெரிய வண்டி. ஒழுங்கையில் பார்த்தால் மீன்பெட்டி ஏற்றிய வண்டிக்குக் கிட்ட நிற்க வக்கில்லை.

இரண்டு நாள் யோசித்துவிட்டு, கடிதத்தில் மூன்றையும் எழுதினேன். எந்த நிலைமையில் எது வந்ததென்று விளக்கமும் எழுதினேன். கடைசி அளவின்போது சில்லு சுற்றவில்லை, ஆகவே அதை வண்டியின் வலுவென்று கொள்ள முடியாது என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மாணவர் யாராவது அப்படி விடை எழுதியிருந்தால் முழுப் புள்ளியும் போட்டிருப்பேன்.

உத்தியோகத்தர் அதை வாசித்துவிட்டு, ஆகப் பெரிய இலக்கத்துக்குக் கீழே சிவப்புக் கோடு போட்டாராம். ஒன்றரைக்கு மேலே என்றால் எல்லை எதுவாக இருந்தாலும் தாண்டிவிடும் போலத்தான் தெரிகிறது, மோட்டார் சைக்கிள் லைசென்சுக்கு விண்ணப்பிப்பது நல்லது என்றாராம். லைசென்சுக்கு டொக்டர் சேர்டிபிக்கற் வேண்டும். நெஞ்சுக்காரருக்கு அதை எந்த டொக்டர் கொடுப்பார்?

அன்று பின்னேரமே அக்கா என் வீட்டுக்கு வந்தாள். இருக்கவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டாள்.

"கால் குதிரை எண்டும் வந்ததெல்லே?"

"ஓம்."

"அது பொய்யோ?"

"பொய்யில்லை. அதுவும் மெய்தான்."

"அப்ப அந்த மெய்யை மட்டும் எழுதியிருக்கலாமே. மூண்டு மெய்யை எழுதச் சொல்லி உன்னை ஆர் கேட்டது?"

அவள் போன பிறகும் அந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு இருந்தேன். கேட்டது ஒரு இலக்கம். நான் மூன்று கொடுத்தேன். அது நேர்மையா, எனக்குத் தெரிந்ததைக் காட்டுகிற ஆசையா என்று இன்றுவரை சரியாகச் சொல்ல முடியவில்லை.

மறுகிழமை லீவு போட்டுவிட்டு நானே அந்த அலுவலகத்துக்குப் போனேன். உத்தியோகத்தர் மரியாதையாகத்தான் கதைத்தார்.

"ரீச்சர், நீங்கள் எழுதினதை நான் மூண்டு தரம் வாசிச்சனான். நிக்கேக்கைதான் கூட வலு எண்டு எழுதியிருக்கிறியள்."

"இல்லை ஐயா. நிக்கேக்கை பற்றரியிலையிருந்து கூட இழுக்குது. வெளியிலை வாற வலு பூச்சியம்."

"பூச்சியமோ? அப்ப பூச்சியம் எண்டு போடட்டோ?"

"போட்டால் சைக்கிள் எண்டு விடுவியளோ?"

"பூச்சியம் எண்டால் மோட்டார் இல்லை எண்டு வரும். மோட்டார் கண்ணுக்குத் தெரியுது. பிறகு கடிதம் பிழை எண்டுவினம்."

"அப்ப ஓடேக்கை வாறதைப் போடுங்கோவன்."

"எந்தப் பக்கம் ஓடேக்கை?"

அவர் பகிடி பண்ணவில்லை. உண்மையாகத்தான் கேட்டார். சட்டத்தில் காற்றைப் பற்றி ஒன்றும் இல்லையே என்றார். பெற்றோல் எஞ்சினும் காற்றுக்கு எதிரே ஒரு மாதிரியும் காற்றோடு ஒரு மாதிரியும்தான் வேலை செய்யும் என்றேன். "ஓம், ஆனால் சி.சி. மாறாதே" என்றார். சி.சி. என்பது எஞ்சினுக்கு உள்ளே இருக்கிற இடத்தின் அளவு, வலுவே அல்ல. ஒரு குடத்தின் கொள்ளளவைச் சொல்லிவிட்டு அதில் எவ்வளவு தண்ணீர் அள்ளினார்கள் என்று கேட்காமல் விடுகிற மாதிரி. ஆனாலும் அது மாறாது, எஞ்சினில் வெட்டியிருக்கும், வாசித்து எழுதலாம். அவருடைய பக்கமும் எனக்கு விளங்கத் தொடங்கியதுதான் எல்லாவற்றிலும் பெரிய கரைச்சல். வரும்போது இருந்த தெளிவும் இல்லாமல் வெளியே வந்தேன்.

சில மாதத்தில் அத்தானுக்கு ஒரு கடிதம் வந்தது. விஷயம் கொழும்புக்கு அனுப்பப்பட்டிருக்கிறது, மறுமொழி வரும்வரை மேற்படி வாகனத்தை வீதியில் பாவிக்க வேண்டாம் என்று இரண்டு வரி.

அத்தான் நட்டுச் சாவியை எடுத்து மோட்டாரைக் கழற்றி அலுமாரிக்குக் கீழே வைத்தார். பற்றரிகளை இறக்கினார். அடுத்த நாள் காலை, டொக்டர் கூடாதென்று சொன்னபடியே, மிதித்துக்கொண்டு கடைக்குப் போனார். மிதிப்பதைத் தடுக்கச் சட்டத்தில் ஒன்றும் இல்லை. அக்கா என்னோடு கதைப்பதை அன்றோடு நிறுத்தினாள்.

அதற்கு அடுத்த வருஷம் சண்டை முற்றி, பொலிஸ் ஸ்ரேசனை விட்டு வெளியே வருவது நின்றுபோனது. இலக்கம் இல்லாத மோட்டார் சைக்கிள்கள் எல்லாப் பக்கமும் பறந்தன. தகடு எங்கே என்று கேட்க வீதியில் ஒருவரும் இல்லை. மீன்காரரே தன்னுடைய தகடு கழன்று விழுந்தபோது திரும்பப் பூட்டவில்லை. நான் அத்தானின் கடைக்குப் போனேன்.

"இப்ப ஆர் மறிக்கப் போகினம்? பூட்டி ஓடுங்கோ அத்தான்."

"மறுமொழி வரேல்லையே" என்றார்.

"இனி வராது."

"வராதெண்டு ஆர் சொன்னது? ஓடலாம் எண்டு வந்தால் ஓடுறன். ஓடக்கூடாதெண்டு வந்தால் விடுறன். இப்ப ரண்டும் இல்லை."

பிடிவாதமா, பயமா, ஒழுங்கா? எனக்கு அவரை விளங்கவில்லை. அந்த எல்லை எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. அதை மதித்து நடந்த ஒரே மனிதர், நான் அறிய, அவர்தான். பிறகு கரண்ட் வருவதும் போவதுமாகி, ஒரு காலத்தில் வராமலே போனது. பெற்றோலும் இல்லாமல் போனது. தொண்ணூறுக்குப் பிறகு பணக்காரர், ஏழை, டொக்டர், மீன்காரர் எல்லோரும் சைக்கிள்தான்.

அந்த வருஷங்களில் ஒருநாள் அத்தானுக்குக் காய்ச்சல் வந்து இணுவில் ஆஸ்பத்திரிக்குப் போனபோது வேறொரு டொக்டர் நெஞ்சையும் சோதித்தார். அக்காவும் நானும் கூட நின்றோம். முதல் சொன்ன டொக்டர் எப்போதோ வெளிநாடு போயிருந்தார். இவர் நெடுநேரம் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, நெஞ்சு நன்றாகத்தான் இருக்கிறது, என்ன உடற்பயிற்சி செய்கிறீர்கள் என்று கேட்டார்.

"சைக்கிள் மிதிக்கிறன்" என்றார் அத்தான்.

"அதை விட்டுடாதேங்கோ."

வெளியே மர நிழலில் அத்தான் மருந்துக்கு வரிசையில் நின்றார். நானும் அக்காவும் வாங்குப் பலகையில் இருந்தோம். அவள் என்னோடு ஏதாவது கதைத்து ஏழு வருஷத்துக்கு மேலிருக்கும். என்னைப் பார்க்காமலே கேட்டாள்.

"நீ அந்தக் கால் குதிரையை மட்டும் எழுதியிருந்தால், இந்த மனுசன் மிதிச்சிருக்காது என்ன?"

"மிதிச்சிருக்க மாட்டார்."

"அப்ப நீ செய்தது நல்லதோ?"

"அதுக்காக நான் எழுதேல்லை அக்கா. அவர் நடுவழியிலை விழுந்திருந்தால்?"

"அதைத்தான் நான் ஒவ்வொரு பின்னேரமும் யோசிச்சுக்கொண்டு நிண்டனான்" என்றாள். பிறகு வரிசையில் நின்ற அத்தானைப் பார்த்தாள். "முந்தின டொக்டர் பிழையோ, இவர் பிழையோ?"

"தெரியேல்லை."

"நீ படிச்சனி."

"படிச்சும் தெரியேல்லை."

அவள் தலையை ஆட்டினாள். ஒத்துக்கொண்டாளா, என்னை விட்டுவிட்டாளா என்று தெரியாது. அத்தான் மருந்தோடு வந்தார். மூன்று பேரும் சைக்கிள்களை எடுத்தோம். ஆடி மாதம், காற்று எதிரே அடித்தது. அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஓடினாள். ஒரு தரம் எனக்கு முன்னால் வந்து காற்றுக்கு மறைப்பாகவும் ஒரு தரம் அவருக்கு மறைப்பாகவும் மாறி மாறி வந்தாள்.