அம்மா கொடுத்த வாக்குமூலம்

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். எங்கள் வரிசை வீடுகளான லயத்துக் கோடியில் முனி நிற்கிறது என்று ஒருத்தர் சத்தியம் செய்தபோது, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடும் பெரட்டுக்கு அதை வரச் சொல்லுங்கள், ஆள் பத்தவில்லை என்று சொன்னவன். பேயை மட்டுமல்ல, மனுசர்களையும் நான் லேசில் நம்ப மாட்டேன். அதனால் இதைக் கேட்டுவிட்டு நீங்கள் என்னைச் சந்தேகப்பட்டால் எனக்குக் கோபம் வராது.

என் அம்மா கருப்பாயி, கொட்டகலைப் பக்கம் எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைக்காம்பராவைப் பார்த்துக்கொண்டவர். கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை அங்கேதான் விட்டுப் போவார்கள். பதினைந்து, இருபது சேலைத் தொட்டில் தொங்கும். ஒன்று அழுதால் திரும்பிப் பார்க்காமலே, யார் வீட்டுப் பிள்ளை, பசியா வயிற்றுவலியா என்று சொல்லிவிடுவார். என் மகள் சரசுவும் அந்தத் தொட்டிலில் வளர்ந்தவள்தான். அவளுக்கு அப்பாயி ஊட்டினால்தான் சோறு இறங்கும். அப்படிப்பட்ட அம்மா ஆனி மழையில் காய்ச்சல் கண்டு நாலே நாளில் போய்விட்டார். மலைச்சரிவில் புதைத்தோம், முதல் பிடி மண் போட்டது நான். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இரண்டு மாதம் கழித்து, பிரஜாவுரிமை விசாரணைக்கு அட்டனுக்கு வரச் சொல்லிக் கடிதம் வந்தது. இந்த இலங்கை மண்ணை விட்டு எங்கேயும் போகாமல் வாழ்ந்தவன் என்று நானே நிரூபிக்க வேண்டும், தவறினால் நான் கண்ணால் பார்த்திராத இந்தியாவுக்குப் பெண்டாட்டி பிள்ளையோடு கப்பலேற வேண்டியதுதான். என் சிக்கல் பெயரில் இருந்தது. மனுவில் நான் முத்தையா, தோட்டத்து ஆள் பதிவேடான செக்ரோலில் சன்னாசி. வேலைக்குச் சேர்ந்த அன்று யாரோ தப்பாக எழுதிவிட்டார்கள் என்றுதான் நினைத்திருந்தேன். இரண்டும் ஒரே ஆள் என்று சொல்ல, மனுக் கொடுத்தபோது அம்மாவைத்தான் சாட்சியாகப் போட்டிருந்தோம். சாட்சி இல்லையென்றால் தள்ளிவிடுவார்களோ என்று பயந்து, அவர் இறந்ததை நான் எழுதியும் போடவில்லை.

மனைவியையும் சரசுவையும் வெளியே உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேன். சிங்கள அதிகாரி ஒருவர், பக்கத்தில் மொழிபெயர்த்துச் சொல்ல யாழ்ப்பாணத்துக்காரர் ஒருவர். அவர் தாளிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னார்:

"முத்தையா எண்டது நீர்தானே? உம்மட அம்மா காலமை விடிஞ்ச உடனயே வந்து சாட்சி சொல்லிப்போட்டுப் போயிட்டா."

உடம்பு சிலிர்த்தது என்று சொன்னால் அது பொய். முதலில் வந்தது சந்தேகம்தான். அம்மா இறந்ததைத் தெரிந்துகொண்டு வலை விரிக்கிறார்கள், ஆமாம் என்றால் நான் பொய்யன், செத்துப்போனார் என்றால் ஆள்மாறாட்டம் என்று உள்ளே தள்ளுவார்கள். என்ன சொன்னார் என்று மட்டும் கேட்டேன். அவர் எழுதியதை வாசித்தார்.

"இவன் பேரு முத்தையாதாங்க. இவன் வேலைக்குச் சேந்ததுக்கு முந்தின நாளு, அதே பேர்ல ஒரு பையன் மரம் விழுந்து செத்துட்டான். அவன் பேரை அப்ப இன்னும் செக்ரோல்ல வெட்டல. செத்தவன் பேரைப் பெரட்டுல கூப்புட, எம்புள்ள வந்துட்டேன்னு சொல்லக்கூடாதுன்னு நாந்தான் சன்னாசின்னு போடச் சொன்னேன்."

எனக்கே தெரியாத சங்கதி இது. பிற்பாடு விசாரித்தேன், உண்மைதான். அம்மா பேரை மாற்றச் சொன்னதை அறிந்தவர் லயத்தில் பக்கத்து வீட்டுச் செல்லம்மா அக்கா ஒருவர்தான். அம்மா மாதிரி வந்து சொன்னது அவராக இருக்குமோ என்று துருவிப் பார்த்தேன். அவர் அந்த வாரம் முழுக்கக் காலொடிந்து டிக்கோயா ஆஸ்பத்திரியில் கிடந்திருக்கிறார்.

மொழிபெயர்ப்பாளர் இன்னும் வாசித்துக்கொண்டிருந்தார். "எனக்கு ரெண்டு பேத்திங்க. பெரியவ சரசு, சின்னவ மீனா. ரெண்டு பேரையும் மறக்காம எழுதிக்குங்க."

மாட்டிக்கொண்டாள் என்று நினைத்தேன். எனக்கு ஒரே மகள். வந்தவள் எவளோ அரைகுறையாக விசாரித்துவிட்டு வந்த திருட்டுக்காரி, இல்லாத பிள்ளையைச் சேர்த்து என் மனுவையே கெடுக்கப் பார்க்கிறாள்.

"எனக்கு ஒரு மகதாங்க. அந்தப் பேரை வெட்டிருங்க."

"அவ ரெண்டு தரம் சொன்னவ," என்றார் அவர்.

"வயசானவங்க, தடுமாறியிருப்பாங்க. வெட்டிருங்க."

சிவப்பு மையில் கோடு போட்டார். கீழே ஒரு கைநாட்டு இருந்தது, அதை உற்றுப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. வந்தது உன் அம்மாதானே என்று அதிகாரி கேட்கச் சொன்னபோது, ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் மனைவி வாந்தி எடுத்தாள். மலைப்பாதை வளைவுதான் காரணம் என்று நினைத்தோம். நம்பினால் நம்புங்கள், சித்திரையில் பெண் பிறந்தது. உள்ளே நடந்ததை நான் மனைவியிடம் மூச்சுவிடவில்லை, அவளோ குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு மீனா என்று வைப்போமா என்று கேட்டாள். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஏன் என்றால் என்ன சொல்வது? எழுந்து வெளியே போய்விட்டேன்.

பிரஜாவுரிமைப் பத்திரம் வரும்போது குழந்தைக்கு இரண்டு வயது. என் பெயர், மனைவி பெயர், சரசு பெயர் இருந்தன. பத்திரம் வந்தபிறகு பிறந்திருந்தால் தானாகவே பிரஜை, இவள் அதற்கு முன்பே பிறந்தவள், விசாரணைத் தாளிலும் பேர் இல்லாதவள் என்று சொல்லி, மீனாவைச் சேர்க்க முடியாது என்றுவிட்டார்கள். எத்தனையோ படியேறிப் பார்த்துவிட்டேன். நான் உயிரோடு இருக்கும்வரை அவளைக் கப்பலேற விடமாட்டேன், ஆனால் பயம் போகவில்லை.

இப்போது அவளுக்கு எட்டு வயது. வீட்டில் தன் பேர் மட்டும் ஏன் அந்தத் தாளில் இல்லை என்று கேட்கிறாள். நீ அப்போது பிறக்கவில்லையே என்று சொல்லி வைத்திருக்கிறேன். அப்பாயி வந்து இரண்டு தரம் சொல்லி எழுதவைத்த பேரை, பெற்ற நானே வெட்டச் சொன்னேன் என்று அவளிடம் எப்படிச் சொல்வது?