மூடியைத் திறந்து காட்டிய கேக்

காலை டிபனுக்கு மகள், ஓவனில் வேகிற ஒருவகைப் பான்கேக் வைத்திருந்தாள். முட்டை, பால், மைதா மட்டும்தான். சோடா உப்புகூடக் கிடையாது. ஆனாலும் அது சட்டியின் விளிம்பைத் தாண்டி உப்பிக்கொண்டே போனது. என் கை தானாக ஓவனின் கண்ணாடிக் கதவுக்குப் போயிற்று.

"தொறந்துராதம்மா, அமுங்கிரும்" என்றாள்.

கையை எடுத்துக்கொண்டு, நாற்காலியில் இருந்த அப்பாவைப் பார்த்தேன். என் எட்டாவது பிறந்தநாள் கண்முன் வந்து நின்றது. குற்றாலத்துச் சாரல் தென்காசியில் எங்கள் தெருவரை தூறிக்கொண்டிருந்தது. அப்பா புதிதாக ஒரு வட்ட அலுமினிய ஓவன் வாங்கியிருந்தார். மூடியில் கண்ணாடி கிடையாது. மூடியைத் தூக்கிப் பார்த்து, கேக் உப்ப ஆரம்பித்தது தெரிந்ததும் அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. வாசலுக்கு ஓடி, "அண்ணாச்சி, இங்கன வாங்க. கேக் எப்படி எழும்புது பாருங்க" என்று வீடு வீடாகக் கூப்பிட்டார். வந்தவர்களுக்கெல்லாம் மூடியைத் திறந்து காட்டினார். ஐந்தாவது ஆள் எட்டிப் பார்த்தபோது கேக்கின் நடுவில் பெரிய குழி.

நான் அழுதேன். அப்பா அசரவில்லை. "சாரக்காத்து பட்டுட்டு, அதான்" என்றபடி குழி நிறையச் சீனியைக் கொட்டினார். பார்க்க வந்த அத்தனை பேரும் இருந்து தின்றுவிட்டுத்தான் போனார்கள். அவ்வளவு பேர் வந்த பிறந்தநாள் அப்புறம் எனக்கு வாய்க்கவேயில்லை.

இப்போது அப்பா மெதுவாக எழுந்து வந்தார். குனிந்து கண்ணாடி வழியே பார்த்தார். பிறகு கம்பை ஊன்றி விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார்.

"அண்ணாச்சி, சீக்கிரம் வாங்க. இதுல தொறக்காமலே பாக்கலாம்."