சீமை எலிக்கு ஒரு படுக்கை

புதுப்பட்டினம் கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருந்த மைதீன், ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து வந்து கடையைத் திறக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை. அவர் மனைவி சம்சாத் பேகத்துக்கு அழுகை வரவில்லை. அடக்கிக்கொள்ளவும் இல்லை. ஒன்றும் வரவில்லை, அவ்வளவுதான்.

கணவன் இறந்தபின் நாலு மாதம் பத்து நாள் இத்தா இருந்ததால் வெளியே போக முடியாது. பிள்ளைகளும் இல்லை. வீட்டில் அவளோடு இருந்தவை இரண்டு கினிப்பன்றிகள். கல்பாக்கம் குவார்ட்டர்ஸிலிருந்து பம்பாய்க்கு மாற்றலாகிப் போன குடும்பம் மைதீனிடம் விட்டுப்போனது. தெருவில் எல்லோருக்கும் அவை சீமை எலி. மைதீன்தான் பார்த்துக்கொள்வார். அவை இருந்த ஆப்பிள் பெட்டிக்குள் அவர் என்ன விரிப்பார் என்றுகூட அவள் கவனித்ததில்லை.

மைதீனின் தம்பி ஹயாத் பாஷா மரவாடியிலிருந்து ஒரு சாக்கு மரத்தூள் கொண்டுவந்து வாசல் திரைக்கு அப்பால் வைத்துவிட்டுப் போனான். சம்சாத் அதைப் பெட்டிக்குள் கொட்டிப் பரப்பினாள். சில நாளில் பெட்டைக்குத் தும்மல் கண்டது; கண்ணில் நீர் வடிந்தது. ஒரு காலையில் விறைத்துக் கிடந்தது. கொல்லையில் புதைத்துவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு உலை வைத்தாள்.

பிறகு ஆணும் தும்ம ஆரம்பித்தது.

மீன் கொண்டுவரும் வச்சலா தூளை ஒரு பிடி அள்ளி முகர்ந்தாள். அவளுக்கே தும்மல் வந்தது.

"இன்னாக்கா இது, எனக்கே மூக்கு எரியுது. அது மூஞ்சிய இதுலயே வச்சிகினு படுத்துனு கீது. எட்த்துக் கொட்டிடு."

"வேற இன்னாத்த போட்றது?"

"யாருக்குத் தெரியும்? போட்டுத்தான் பாக்கணும்."

உமி போட்டாள். முனை குத்தி எலியின் கண் சிவந்தது. வச்சலா கொண்டுவந்த கடற்கரை மணல் மூத்திரத்தில் நனைந்து காயவே இல்லை. எலியின் வயிறெல்லாம் ஈரம். பீரோவைத் திறந்து மைதீனின் லுங்கி ஒன்றை எடுத்துக் கிழித்தாள். சத்தம் கேட்டு, வாசலில் நின்ற ஹயாத் பாஷா திரைக்கடியில் தெரிந்த துணியைப் பார்த்துக் கேட்டான்:

"அண்ணி, அது அண்ணன் லுங்கியா?"

"ஆமா."

"கிழிக்கிறீங்களே..."

"பழசுதான். மெத்துனு இருக்கும்."

அவன் போய்விட்டான். அவள் கிழித்த துணியைப் பெட்டிக்குள் விரித்தாள். மறுநாள் துணியின் நூல் எலியின் காலில் சுற்றி வீங்கியிருந்தது. கத்தரியால் நூலை வெட்டி எடுத்து, துணியையும் வெளியே போட்டாள்.

கடைசியில், கடையில் பொட்டலம் கட்ட வைத்திருந்த பழைய பேப்பரை ஹயாத் பாஷாவிடம் கேட்டு வாங்கி அடியில் கனமாக விரித்தாள். வச்சலா வரப்பில் அறுத்துவந்த புல்லை வெயிலில் காயவைத்து, தூசி போக உதறி மேலே பரப்பினாள். தினமும் காலையில் ஈரமானதை எடுத்துவிட்டுப் புதிதாகப் போட்டாள். தும்மல் நின்றது. எலி புல்லுக்குள் புகுந்துகொண்டு அதையே கொறித்தது.

இத்தா முடிந்ததும் ஹயாத் பாஷா திருப்போரூரில் தன் வீட்டுக்கே வந்துவிடச் சொன்னான். அவள் போகவில்லை. கடையில் உட்கார்ந்தாள். குவார்ட்டர்ஸ் பக்கம் ஒரு வீட்டிலிருந்து அவன் வேறொரு பெட்டையை வாங்கிவந்து பெட்டிக்குள் விட்டான். குட்டிகள் வந்தன. கேட்ட குழந்தைகளுக்குக் கொடுத்தாள். பேப்பரும் காய்ந்த புல்லும் போடு, மரத்தூள் மட்டும் வேண்டாம் என்று சொல்லி அனுப்பினாள்.

"இதுக்கு இன்னா பேரு?" என்று கேட்பார்கள்.

"நீயே வச்சிக்க" என்பாள்.