தணிகாசலம் குடிக்கவில்லை

முதல் பத்துப் பக்கத்துக்குள் பிணம் விழாத கதையை அஞ்சலாட்சி யாருக்கும் சிபாரிசு செய்ததில்லை. புதுச்சேரியில் ஒரு தனியார் மருத்துவமனையில், பார்வையாளர்களுக்குப் பாஸ் கொடுக்கும் கவுண்டரில் பதினாறு வருஷமாக உட்கார்ந்திருக்கிறாள். மேசை இழுப்பறையில் பாஸ் கட்டுகளுக்கு அடியில் எப்போதும் முப்பது நாற்பது துப்பறியும் நாவல்கள் கிடக்கும். நாள் கணக்கில் காத்துக் கிடக்கிற சொந்தக்காரர்களின் முகத்தைப் பார்த்தே எடுத்துக் கொடுப்பாள்.

"கெணத்துல ஒரு கை மட்டும் மெதக்குது. மோதிரம் போட்ட கை. ஆனா கைக்குச் சொந்தக்காரன் ஊர்ல உசுரோட சுத்திக்கிட்டு இருக்கான். எப்படி? நான் சொல்லமாட்டேன், படிங்க."

பிரசவத்துக்கு வந்தவர்களுக்கு ஒல்லியான புத்தகம். டயாலிசிஸ்காரர்களுக்கு மூன்று பாகம். டாக்டர் கொலைகாரனாக வரும் கதைகளை மட்டும் வீட்டிலேயே வைத்துவிடுவாள். "ஏற்கெனவே பாதிப் பேருக்கு அந்தச் சந்தேகம்தான்" என்பாள். அவள் புருஷன் ராஜவேல் பேப்பரில் ராசிபலனைத் தாண்டிப் படிக்காதவன். வீட்டில் கதை பேச ஆள் கிடையாது. ஆஸ்பத்திரியில் அவளுக்கு 'புஸ்தக அக்கா' என்று பேர். அந்தப் பேர் அவளுக்குச் சம்பளத்தைவிடப் பிடித்திருந்தது.

போன ஆவணியில் தணிகாசலம் வந்தார். புதுச்சேரி மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டையில் ஒரு அட்டைப்பெட்டி கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி பாக்கியலட்சுமி தீவிர சிகிச்சையில் இருந்தாள். எட்டு நாளாக அந்தக் கண்ணாடிக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தவரிடம், ஒன்பதாம் நாள் மத்தியானம் இருக்கிறதிலேயே தடியான புத்தகத்தை நீட்டினாள்.

"எடுத்தா கீழ வைக்கமாட்டீங்க சார். பின்பக்கப் படிக்கட்டுல போய் உக்காருங்க, நல்லா காத்து வரும்."

அவர் கீழே வைக்கவில்லை. மூணு மணிக்கு மைக்கில் மூன்று தடவை கூப்பிட்டார்கள். படிக்கட்டு வரைக்கும் மைக் எட்டாது. செல்லை அவர் சத்தமில்லாமல் போட்டிருந்தார். பிரான்சிலிருந்து மகள் நிர்மலா பதினோரு தடவை அடித்திருந்தாள். அவர் எழுந்து வந்தபோது மணி நாலு. பாக்கியலட்சுமி போய்ச் சேர்ந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது. அவளுடைய தம்பி கோவிந்தராசு மட்டும்தான் பக்கத்தில் இருந்தான்.

ஆஸ்பத்திரிக்கு எதிரே பார். தணிகாசலம் ஒரு காலத்தில் குடித்தவர். விட்டுப் பத்து வருஷம். கோவிந்தராசுக்கு அதற்கு மேல் எதுவும் தேவைப்படவில்லை. "பொண்டாட்டி இழுத்துக்கிட்டு இருக்கா, இவரு எதுத்தாப்புல போயி ஊத்திக்கிட்டு வராரு" என்று சாவு வீட்டிலேயே சொன்னான்.

இதெல்லாம் அஞ்சலாட்சிக்குத் தெரியவந்தது ஒரு வருஷம் கழித்து, தணிகாசலம் மறுபடி கவுண்டர் முன்னால் வந்து நின்றபோதுதான்.

"ஏம்மா, நீ ஒரு ஒதவி பண்ணணும். திதிக்கு எம்பொண்ணு வந்திருக்குது. ஒரு வருஷமா எங்கூடப் பேச்சு இல்ல. நாளைக்குப் பிளைட் ஏறிடும். நான் கதப்புஸ்தகம் படிச்சிக்கிட்டு இருந்தேன்னா யாரும் நம்பமாட்றாங்க. நீ வந்து ஒரு வார்த்தை சொன்னா போதும்."

அவள் இழுப்பறையை மூடினாள். டியூட்டியில் புத்தகம் கொடுப்பது வெளியே தெரிந்தால் வேலை போகும். அதைவிடப் பெரிய பயம், படிக்கட்டைக் காட்டியது அவள்தானே. ஆனாலும் நூற்றுக்கணக்கான கதை படித்தவள். சம்பவ நேரத்தில் ஆள் வேறு இடத்தில் இருந்தான் என்று ஒரு சாட்சி சொன்னால் போதும், குற்றவாளி நிரபராதி ஆகிவிடுவான். எல்லாக் கதையிலும் அப்படித்தான்.

சாயங்காலம் கருவடிக்குப்பத்தில் தணிகாசலம் வீட்டுக்குப் போனாள். நிர்மலா பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள 'நேஷனாலிட்டி' குடும்பத்தில் வாக்கப்பட்டு ஆறு வருஷமாகப் பாரீசுக்குப் பக்கத்தில் இருப்பவள். அஞ்சலாட்சி சொல்லச் சொல்ல, துணிகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள்.

"நீங்கதான் குடுத்தீங்களா?"

"ஆமாம்மா. சத்தியமா சொல்றேன், அவரு பார் பக்கமே போகல. படிக்கட்டுலதான் இருந்தாரு. நான் ரெண்டு தடவ தாண்டிப் போனேன், தலைய நிமித்தல."

"ரெண்டு தடவ தாண்டிப் போனீங்க."

"மைக்குல கூப்டறதுக்கு முன்னாடிம்மா. அப்புறம் நான் சாப்பாட்டுக்குப் போயிட்டேன்."

நிர்மலா அப்பாவின் பக்கம் திரும்பினாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அவரிடம் பேசிய முதல் பேச்சு அது.

"நல்லா இருந்துச்சாப்பா, கதை?"

தணிகாசலம் வேட்டி நுனியை முறுக்கினார். "அந்த ஒரு மணி நேரம் எனக்கு எதுவுமே ஞாபகம் இல்லம்மா."

"அம்மாகூடவா?"

அவர் கட்டிலில் கிடந்த ஒரு புடவையை எடுத்து அவளிடம் நீட்டினார்.

"அப்பா குடிச்சாருன்னு மாமா சொன்னப்ப எனக்கு ஆத்திரம் வந்துச்சு. ஆனா புரிஞ்சுச்சு. பயந்துட்டாரு, அம்மாவ அந்தக் கோலத்துல பாக்க முடியல, பழைய பழக்கம் இழுத்துக்கிட்டுப் போயிடுச்சின்னு நானே எனக்குச் சொல்லிக்கிட்டேன். இந்தத் தடவ பேசிடணும்னுதான் வந்தேன்." அந்தப் புடவையை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். "நான் அங்கேருந்து பதினோரு தடவ அடிக்கிறேன். இவரு எவன் கொலகாரன்னு பாத்துக்கிட்டு இருந்திருக்காரு."

"நாந்தாம்மா வற்புறுத்திக் குடுத்தேன்" என்றாள் அஞ்சலாட்சி.

"நீங்க நல்ல மனசோட குடுத்தீங்க. உங்கமேல ஒன்னும் இல்ல. டீ போடட்டுமா?"

அந்த மரியாதைதான் அஞ்சலாட்சிக்குத் தாங்கவில்லை. வேண்டாம் என்று எழுந்தாள். நிர்மலா பெட்டியின் ஜிப்பை இழுத்து மூடினாள். அப்பாவைத் திரும்பிப் பார்க்கவில்லை.

பஸ் ஸ்டாப் வரைக்கும் தணிகாசலம் கூடவே நடந்து வந்தார்.  திட்டினால்கூடத் தேவலை என்று இருந்தது அவளுக்கு.

"சார், மன்னிச்சிடுங்க. நான் வராமயே இருந்திருக்கணும்."

"நான்தான கூப்டேன்."

பஸ் வந்தது. அவள் படியில் கால் வைத்ததும் அவர் அவசரமாகப் பக்கத்தில் வந்தார்.

"ஏம்மா, எம்மச்சான் கோவிந்தராசு ஒருவேளை ஆஸ்பத்திரிப் பக்கம் வந்து விசாரிச்சான்னா, நீ எதுவும் சொல்லிக்காத. நான் குடிச்சேன்னே அவன் நெனச்சிக்கட்டும்."